விண்ணே கூரை, மண்ணே பாய்

முன்னுரை

உலகில் பெரியோர் எனப் போற்றப்படுவோர் பல திறத்தினர். நாடு வென்று புகழ் பெற்றோர் சிலர். நூல் எழுதிப் புகழ் பெற்றோர் சிலர். நோயாளருக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்து புகழ் பெற்றோர் சிலர். ஆனால் மலைக்காட்டின் வெறுந்தரையில் படுத்துறங்கியே ஒருவர் புகழ் பெற்றார் என்றால் கேட்போர் வியப்பர். அப்படிப்பட்ட ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் ஜான் மியூர்.

ஒரு பொட்டலம் தேயிலை, சில ரொட்டித் துண்டுகள், இடுப்பில் கட்டிய ஒரு குறிப்பேடு ஆகியவையே அவர் மலையேறும்போது எடுத்துச் சென்ற சீர்வரிசை. அவர் அலைந்து திரிந்த யோசெமிட்டி மலைப்பகுதி இன்று அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய பொதுச்சொத்தாக, தேசியப் பூங்காவாக விளங்குகிறது. அது எவ்வாறு பொதுச்சொத்து ஆயிற்று? பொதுச்சொத்தாகிய காட்டில் இரவு தங்கும் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு அவர் வாழ்க்கையை நாம் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஜான் மியூர் 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை பெயர் டேனியல். தாய் பெயர் ஆன். பெற்றோருக்கு மக்கள் எண்மர். அவருள் மியூர் மூன்றாமவர். தந்தையார் சமயப் பற்று மிக்கவர். ஆனால் அன்பினும் கண்டிப்பே அவரிடம் மேலோங்கி நின்றது. நாள்தோறும் விவிலியத்தில் ஒரு பகுதியை மனப்பாடம் செய்து ஒப்புவிக்க வேண்டும். தவறினால் அடி விழும். இவ்வாறு பதினொரு வயதிற்குள் புதிய ஏற்பாடு முழுவதையும், பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கையும் அச்சிறுவர் நெட்டுருப் போட்டுவிட்டார். மறைக்கல்வித் தேர்வுக்கு ஓர் அதிகாரம் படிக்கவே நாங்கள் படும் பாடு எங்கள் அருட்சகோதரியர் அறிந்ததே!

1849-ஆம் ஆண்டு குடும்பம் கடல் கடந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. காட்டைத் திருத்திக் கழனியாக்கும் கடும் உழைப்பு சிறுவரின் தோள்மீது விழுந்தது. ஒரு முறை வீட்டுக்குக் கிணறு தோண்டும் வேலை அவருக்கு இடப்பட்டது. கெட்டியான மணற்பாறையை உளியாலும் சுத்தியலாலும் கொத்திக் கொத்தி, தன்னந்தனியே ஆழம் ஆழமாக இறங்கினார். ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் ஒரு காலையில் நச்சுக்காற்று தேங்கி நின்றதால் மூச்சுத் திணறி மயங்கும் நிலைக்கு ஆளானார். வாளியில் ஏறிக்கொண்டதும் மேலே இழுத்தெடுக்கப்பட்டு உயிர் பிழைத்தார். உடல் தேறியதும் மீண்டும் அதே கிணற்றில் இறங்கி, 90 அடியில் நல்ல நீர் காணும் வரை தோண்டி முடித்தார். உழைப்புக்கு அஞ்சாத உடலும், தனிமைக்கு அஞ்சாத உள்ளமும் அவருக்கு அக்கிணற்றில்தான் வாய்த்தன போலும்.

பகலில் படிக்க நேரமில்லாததால் நள்ளிரவு கடந்ததும் எழுந்து, நிலவறையில் விளக்கேற்றிப் படிப்பார். மரத்தைச் செதுக்கிக் கடிகாரங்கள் செய்வார். குறித்த நேரத்தில் சாய்ந்து, உறங்குபவரைக் காலூன்றி நிற்கச் செய்யும் கட்டில் ஒன்றையும் அவர் அமைத்தார். அக்கட்டில் எங்கள் விடுதித் தலைவியாரின் கண்ணில் படாதது விடுதி மாணவியர் செய்த புண்ணியம்! 1860-ஆம் ஆண்டு மாடிசன் நகரில் நடந்த பொருட்காட்சியில் அவருடைய கருவிகளைக் கண்டு மக்கள் வியந்தனர். பின்னர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் பயின்றார். எனினும் பட்டம் பெறுமுன்பே படிப்பை விட்டு வெளியேறினார்.

கண்ணொளி போயிற்று, மீண்டும் வந்தது

1867-ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரில் வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மியூர் வேலை பார்த்தார். அறிவும் திறமையும் உடையவராதலால் செல்வந்தராகும் வாய்ப்பு கண்முன் இருந்தது. அந்நிலையில் மார்ச்சு மாதம் ஒரு நாள், கையிலிருந்த அரம் நழுவி அவர் வலக்கண்ணைக் குத்தியது. அடுத்து இடக்கண்ணின் பார்வையும் மங்கியது. இருட்டறையில் பல வாரங்கள் படுத்துக் கிடந்தார். இனிப் பூவையும் மரத்தையும் பார்ப்போமா என்று ஏங்கினார். இறையருளால் பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. இருளிலிருந்து வெளிவந்தவர், மனிதர் செய்த பொறிகளை விட்டு இறைவன் படைத்தவற்றைக் காண்பதற்கே எஞ்சிய வாழ்நாளைச் செலவிடுவது என உறுதி பூண்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில் கால்நடையாகப் புறப்பட்டு, ஏறத்தாழ 1,000 மைல் நடந்து, அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடாவை அடைந்தார். வழியில் சவானா நகரில் கைப்பொருள் தீர்ந்துவிட்டது. ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பணம் வந்து சேரும்வரை நகருக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டத்தில் படுத்துறங்கினார். பேய்க்கு அஞ்சும் திருடர் அங்கு வரமாட்டார் என்பது அவர் கணக்கு. பேய் வரவில்லை, கொசுக்கள் வந்தன. புளோரிடாவில் மலேரியாக் காய்ச்சல் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது. அதிலிருந்து தேறி, 1868-ஆம் ஆண்டு, முப்பது வயது நிறையும் தறுவாயில், கலிபோர்னியா மாநிலத்தின் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வந்திறங்கினார். நகரத்தில் தங்க மனமின்றி, கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடரை நோக்கி நடந்தார்.

மலை தந்த பாடம்

அம்மலைத் தொடரின் நடுவில் உள்ளது யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு. இருபுறமும் கருங்கற்சுவர்கள் மூவாயிரம் அடி உயரம் நிமிர்ந்து நிற்கும். 2,425 அடி உயரத்திலிருந்து ஓர் அருவி மூன்று படிகளாக வீழும். தெற்கே சிறிது தொலைவில் செக்கோயா என்னும் பெருமரங்கள் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட முதுமையோடு நிற்கும். இவற்றைக் கண்ட மியூர் அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். ஆனால் வயிற்றுக்கு வழி?

1869-ஆம் ஆண்டுக் கோடையில், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் கொண்ட மந்தையுடன் மலைமேல் செல்லும் வேலை கிடைத்தது. அக்கோடை முழுவதும் விண்ணே அவருக்குக் கூரை, மண்ணே பாய். மரக்கிளைகளை விரித்து அவற்றின்மேல் உறங்கினார். ஆயினும் அவர் மனத்தை ஒரு காட்சி வருத்தியது. மந்தை புகுமுன் இடுப்பளவு பூத்திருந்த புல்வெளி, மந்தை கடந்தபின் வெறும் புழுதியாகக் கிடந்தது. ஓர் ஆடு கடித்தால் புல் மீண்டும் துளிர்க்கும். ஈராயிரம் ஆடுகள் ஆண்டுதோறும் வந்தால் வேரும் மிஞ்சாது. தீமை ஆட்டினிடத்தில் இல்லை, எண்ணிக்கையினிடத்தில் இருக்கிறது. இந்தப் பாடத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

பின்னர்ப் பள்ளத்தாக்கிலே ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். தாமாக வீழ்ந்த மரங்களை மட்டுமே அறுப்பது என்பது அவர் கொள்கை. ஓய்வு நாள்களில் ரொட்டியும் தேயிலையும் முடிந்துகொண்டு மலை ஏறிவிடுவார். பல இரவுகளில் போர்வைகூட எடுத்துச் செல்லமாட்டார். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிக் குளிர்காய்ந்தே விடியச் செய்வார். அப்பள்ளத்தாக்கு நிலம் திடீரென அமிழ்ந்ததால் உண்டாயிற்று என்று அந்நாளின் புகழ்மிக்க நிலவியலார் கூறினர். பாறைகளின் வழவழப்பையும் கீறல்களையும் ஆராய்ந்த மியூர், பனிப்பாறை ஆறுகள் நகர்ந்து நகர்ந்து அரித்து அதனைக் குடைந்தன என்று கூறினார். ஆட்டு இடையனின் பேச்சு என்று சிலர் எள்ளி நகையாடினர். 1871-ஆம் ஆண்டு உயிருடன் நகரும் பனிப்பாறை ஆறு ஒன்றையே அம்மலையில் அவர் கண்டுபிடித்தார். பள்ளத்தாக்கை உருவாக்கியதில் பனிப்பாறைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இன்று அறிஞர் அனைவரும் ஏற்கின்றனர்.

எளிமை வேறு, அசட்டுத் துணிவு வேறு என்பதையும் மலை அவருக்குக் கற்பித்தது. 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி நாளில் சாஸ்தா என்னும் எரிமலையின் உச்சியில் ஒரு துணைவருடன் இருந்தபோது பனிப்புயல் சூழ்ந்துகொண்டது. கம்பளியும் உணவும் கையில் இல்லை. எரிமலையின் வெந்நீராவி வெளிவரும் சேற்றில் இருவரும் மல்லாந்து படுத்தனர். முதுகை வெஞ்சேறு சுட்டது. மார்பைப் பனி உறைய வைத்தது. இரவெல்லாம் அந்த வேதனையைப் பொறுத்து, விடிந்தபின் தட்டுத் தடுமாறி இறங்கினர். காட்டில் தங்க விரும்புவோர் முதலில் வானிலையையும் தம் வலிமையையும் அளந்து அறிய வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி போதிய சான்றாகும்.

காடு பொதுவாயிற்று

1880-ஆம் ஆண்டு லூயி என்னும் பெண்மணியை மியூர் மணந்தார். இரு பெண்மக்கள் பிறந்தனர். மார்ட்டினஸ் என்னும் ஊரில் இருந்த பழத்தோட்டத்தைக் கண்ணுங்கருத்துமாகப் பேணிக் குடும்பத்தைச் செழிக்கச் செய்தார். ஆனால் மலையைப் பிரிந்த ஏக்கத்தில் உடல் மெலிந்தது. இதனை உணர்ந்த மனைவியார், தோட்டத்தின் வருவாயைவிடக் கணவரின் பணியே பெரிது எனக் கருதி அவரை மலைக்குத் திரும்பும்படி தூண்டினார். ஆண்கள் செய்த அருஞ்செயல்களைப் படிக்கும்போது அவற்றுக்கு வழிவிட்ட பெண்களையும் நாம் மறத்தலாகாது.

இங்கு ஒரு செய்தியை அறிந்துகொள்வது நலம். 1864-ஆம் ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் பெருமரத் தோப்பு ஒன்றையும் மக்களுக்கென ஒதுக்கிக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தார். ஆனால் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மேட்டுநிலங்களுக்குக் காவல் இல்லை. ஆட்டு மந்தைகளும் மரவெட்டிகளும் அங்கே புகுந்து அழித்தனர். 1889-ஆம் ஆண்டு மியூர் தம் நண்பரான ஒரு பத்திரிகை ஆசிரியரை அம்மேட்டுநிலத்திற்கு அழைத்துச் சென்றார். துவாலமி புல்வெளியில் முகாமிட்டு, தீயருகில் அமர்ந்து இருவரும் திட்டம் வகுத்தனர். மியூர் கட்டுரை எழுத, ஆசிரியர் அதனை அச்சிட்டு நாடெங்கும் பரப்பினார். அடுத்த ஆண்டே, 1890 அக்டோபர் 1-ஆம் நாள், யோசெமிட்டி தேசியப் பூங்கா சட்டத்தால் அமைந்தது. 1892-ஆம் ஆண்டு மலைகளைக் காக்கச் சியரா கழகம் தோன்றியது. இறக்கும் வரை அதன் தலைவராக மியூர் இருந்தார்.

குடியரசுத் தலைவரும் வெறுந்தரையும்

மியூரின் வாழ்வில் மிகவும் இன்சுவையான நிகழ்ச்சி 1903-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வந்தார். அவரை வரவேற்கப் பெரிய விருந்தும் விளக்கு அலங்காரமும் ஏற்பாடாகியிருந்தன. அவரோ விருந்தைத் துறந்து, மியூருடன் காட்டுக்குள் சென்றுவிட்டார்! மூன்று இரவுகள் இருவரும் திறந்த வெளியில் தங்கினர். முதல் இரவு செக்கோயா மரங்களின் அடியில். இரண்டாம் இரவு மலைமுகட்டுக்கு அருகில். மூன்றாம் இரவு பள்ளத்தாக்கின் புல்வெளியில். இரண்டாம் இரவு பனி பொழிந்தது. காலையில் கண்விழித்த குடியரசுத் தலைவரின் போர்வைமேல் வெண்பனி படிந்திருந்தது. அவர் சினக்கவில்லை, சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார்.

அம்மூன்று இரவுகளிலும் மியூர் வேண்டியது தமக்காக அன்று. பள்ளத்தாக்கு மாநிலத்தின் கையில் சீர்கெடுகிறது, அதனை நாடே ஏற்க வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். 1906-ஆம் ஆண்டு அது நிறைவேறியது. தம் ஆட்சிக் காலத்தில் ரூஸ்வெல்ட் ஐந்து தேசியப் பூங்காக்களையும் நூற்றைம்பது தேசியக் காடுகளையும் ஏற்படுத்தினார். அரண்மனையில் அளித்த மனுவைவிட வெறுந்தரையில் பேசிய பேச்சுக்கு வலிமை மிகுதி என்பதை நாம் இதனால் அறிகிறோம். அதே 1903-ஆம் ஆண்டு உலகப் பயணம் புறப்பட்ட மியூர் நம் இந்தியாவுக்கும் வந்து, இமயமலையையும் அதன் தேவதாரு மரங்களையும் கண்டு சென்றார்.

பெருந்தோல்வி

ஒவ்வொரு பெரியோர் வாழ்விலும் ஒரு சிலுவை உண்டு. யோசெமிட்டிப் பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. அழகில் முன்னதற்குத் தங்கை என்று சொல்லத்தக்கது. 1906-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும் பெருந்தீயும் அழித்தன. நகரத்தாரின் குடிநீருக்கு அப்பள்ளத்தாக்கில் அணை கட்ட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. தாகத்தால் தவிப்போருக்கு நீர் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் மக்களுக்குப் பொதுவென்று சட்டம் காத்த இடத்தை நீரில் மூழ்கடிக்கலாகாது, வேறு ஆறுகளை நாடலாம் என்று மியூர் வாதாடினார். முதுமையில், உடல் நலிந்த நிலையில், ஆண்டுக்கணக்கில் எழுதினார், போராடினார்.

1913-ஆம் ஆண்டு டிசம்பரில் அணைக்கு அனுமதி அளிக்கும் சட்டம் நிறைவேறியது. ஓராண்டு கடந்து, 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனையில் நுரையீரல் அழற்சியால் ஜான் மியூர் காலமானார். அப்போது அவருக்கு வயது 76. 1923-ஆம் ஆண்டு அணை கட்டி முடிந்தது. பள்ளத்தாக்கு இன்றும் நீருக்கடியில் கிடக்கிறது. அந்நீரைச் சான்பிரான்சிஸ்கோ மக்கள் இன்றும் பருகுகின்றனர்.

அப்பள்ளத்தாக்கு ஏன் தோற்றது? யோசெமிட்டியைக் கண்டோர் பல்லாயிரவர். ஹெட்ச் ஹெட்சியைக் கண்டோரோ மிகச் சிலர். காணாத இடத்திற்காக யார் கண்ணீர் வடிப்பார்? இதனை மியூர் முன்பே உணர்ந்திருந்தார். மக்கள் மலைக்கு வந்து ஓரிரவேனும் தங்கினால்தான் மலையை நேசிப்பர். நேசித்தால்தான் காப்பர் என்பது அவர் நம்பிக்கை. அதனால் 1901-ஆம் ஆண்டு முதல் சியரா கழகம் ஏறக்குறைய நூறு பேர் கொண்ட குழுக்களாகக் கோடைதோறும் மக்களை அழைத்துச் சென்றது. சமையற்காரர்களும் பொதிசுமக்கும் கோவேறு கழுதைகளும் உடன் சென்றனர்.

இப்போது ஆட்டு மந்தையின் பாடத்தை நினைவு கூர்வோம். நூறு பேர் படுக்க நூறு பேருக்குக் கிளைகள் வேண்டும். நூறு பேர் குளிர்காய மலைபோல் விறகு வேண்டும். கழுதைகளுக்குப் புல்வெளி வேண்டும். மலையைக் காக்கப் பிறந்த கழகத்தின் பயணமே மலைக்குச் சுமையாயிற்று. பிற்காலத்தில் கழகத்தாரே இதனை உணர்ந்து குழுக்களைச் சிறிதாக்கினர். 2016-ஆம் ஆண்டில் மட்டும் யோசெமிட்டிக்கு வந்தோர் ஐம்பது இலட்சம் பேர். சிறு துளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டும் உரிய பழமொழி அன்று.

நிறையும் குறையும்

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது நிறையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. யோசெமிட்டியில் மியூர் வருமுன்பே அவானீச்சி என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1851-ஆம் ஆண்டு படையினர் புகுந்து அவர்களைத் துரத்தினர். இளமையில் மியூர் பழங்குடியினரைக் குறித்து இழிவாக எழுதியுள்ளார். பின்னாளில் அலாஸ்கா மக்களுடன் பழகியபின் மதிப்போடும் எழுதினார் என்றாலும், முன்னர் எழுதியது எழுதியதே. 2020-ஆம் ஆண்டு சியரா கழகமே இதனை வெளிப்படையாக ஏற்று வருந்தியது.

மனிதக் கை படாத காடு என்று மியூர் எண்ணிய அப்புல்வெளிகளை உண்மையில் பேணி வந்தவர்கள் அப்பழங்குடியினரே. காலமறிந்து சிறு தீ வைத்துப் புதரை நீக்கி, கருவாலி மரங்களையும் புல்வெளியையும் அவர்கள் காத்தனர். அவர்கள் போனபின் புல்வெளிகளில் மரங்கள் அடர்ந்து புல்வெளிகள் சுருங்கின. ஆதலால் காட்டில் தங்கச் செல்வோர், இங்கே நமக்கு முன் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டறிவதும் கடமையாகும்.

காட்டில் தங்கும் நெறி

இன்று யோசெமிட்டியின் உட்காட்டில் கட்டடமோ குழாய்நீரோ விளக்கோ இல்லாத இடத்தில், மியூர் தங்கியதுபோல் யாரும் தங்கலாம். ஆனால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு பாதையிலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு. இரவு தங்குமிடம் நீர்நிலையிலிருந்து 100 அடியேனும் தள்ளி இருக்க வேண்டும். ஆற்றங்கரை விலங்குகள் நீர் அருந்தும் வழி. புல்வெளியில் படுத்தலாகாது, பாறையிலோ மணலிலோ, முன்பே பிறர் தங்கிய இடத்திலோதான் தங்க வேண்டும். உயர்ந்த மலையில் கோடை குறுகியது. நசுங்கிய செடி மீண்டும் எழ ஆண்டுகள் பல ஆகும்.

புதிதாக அடுப்புக் கூட்டலாகாது. முன்பே உள்ள கல்வட்டத்தில்தான் தீ மூட்டலாம். 9,600 அடிக்கு மேல் தீயே கூடாது. அங்கே மரங்கள் மிக மெதுவாக வளர்கின்றன. வீழ்ந்த கட்டை மக்கித்தான் மண்ணுக்கு உரமாக வேண்டும். உணவைக் கரடி திறக்க இயலாத பெட்டியில் வைக்க வேண்டும். மனிதர் உணவைச் சுவைத்துப் பழகிய கரடி மனிதரை அஞ்சாது; இறுதியில் அதனைக் கொல்ல நேரிடும். ஆகவே நாம் சிந்தும் ஒரு ரொட்டித் துண்டு ஒரு கரடியின் உயிருக்கு விலையாகலாம். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஓடையில் கலக்கலாகாது. இயற்கைக் கடனைக் கழிக்க நீரிலிருந்து 100 அடி தள்ளி, ஆறு அங்குல ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். இதைச் சொல்ல நாணப்பட வேண்டியதில்லை. நாணி மறைப்பதால்தான் ஓடைகள் கெடுகின்றன. குப்பை அனைத்தையும் சுமந்தே திரும்ப வேண்டும்.

இவ்விதிகளைக் குறித்து எங்கள் வகுப்பில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. மியூர் சீட்டு வாங்கவில்லை; நினைத்த இடத்தில் படுத்தார்; கிளை ஒடித்தார், தீ மூட்டினார். அவருடைய காட்டிலே அவர் செய்தவற்றையே தடுப்பது அவரை மதிப்பதாகுமா என்று சிலர் கேட்டனர். விதி மிகுந்தால் விடுதலை எங்கே, அது காடா பள்ளிக்கூடமா என்றும் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் மியூர் ஒருவர், பின்வந்தோர் இலட்சக்கணக்கானோர். ஒருவர் ஒடித்த கிளையை மரம் மறந்துவிடும். ஆயிரவர் ஒடித்தால் மறக்க மரமே இராது. மியூரின் செயலை அப்படியே செய்வது அவரைப் பின்பற்றுவதாகாது. குறைவாக எடுத்துக்கொள்வதே அவர் மனப்பான்மை. கூட்டம் பெருகிய இந்நாளில் அவரினும் குறைவாக எடுத்துக்கொள்வோரே அவருடைய உண்மை மாணாக்கர் என்று நாங்கள் முடிவு செய்தோம். எல்லாரும் அதனை ஒப்பவில்லை. ஆனால் மறுத்தவரும் கரடியின் கதையைக் கேட்டபின் சிறிது அமைதியானார்கள்.

முடிவுரை

பொதுச்சொத்து என்றால் யாருடையதும் அன்று என எண்ணுவோர் உளர். எல்லாருடையதும் என்பதே அதன் பொருள். அதில் நமக்குப் பங்கு உண்டு. ஆனால் நமக்குப்பின் வருபவருக்கும் அதே அளவு பங்கு உண்டு, இன்னும் பிறவாத குழந்தைக்கும் உண்டு. விருந்தினராய்ச் சென்ற வீட்டில் பாயை விரித்தவர் காலையில் தாமே அதனைச் சுருட்டி வைப்பதுதான் பண்பு. மலையும் காடும் ஆற்றங்கரையும் நம்மை ஏற்கும் வீடுகளே.

அரசரைப்போல் நிலம் வைத்திருக்கவில்லை ஜான் மியூர். ஆனால் ஒரு குடியரசுத் தலைவரை வெறுந்தரையில் படுக்க வைத்து, ஒரு நாட்டின் மனத்தை மாற்றினார். வென்றதும் தோற்றதும், நல்லதும் குறையுமாக அமைந்த அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியதைக் கொள்வோம். எங்கே ஓரிரவு தங்கினாலும், ஒரு நண்பகல் கட்டுச்சோறு உண்டாலும், எழுந்து வந்தபின் அங்கே யாரும் இருந்ததாகத் தெரியாதபடி நடந்துகொள்வோம். நாம் கண்டதைப் பின்வருவோரும் காணச் செய்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி